கோணலானது எந்த லெவல்?

எங்கள் கடையில் விற்ற லெவல் ஒன்று கோலார் தங்கவயலில் பொய் சொல்கிறது என்று தந்தி வந்தது. அன்று முதலாளியின் முகத்தில் கண்ட சந்தோஷத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் கண்டதில்லை. "ஆச்சாரி, நீயே போய்ப் பார்த்துவிட்டு வா. பழசு இனித் தேறாது என்று சொல்லிவிடு. கையோடு புதுசு ஒன்றையும் கொண்டு போ," என்றார். நோயாளியைப் பார்க்கும் முன்பே பாடைக்குச் சொல்லிவிட்டுப் போகிற வைத்தியனைப் போல நான் ரயில் ஏறினேன்.

லெவல் என்பது மூன்று காலில் நிற்கும் ஒரு பித்தளைத் தூரக்கண்ணாடி. அதன் முதுகில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி. குமிழி நடுவில் நின்றால் கண்ணாடி பார்க்கும் கோடு மட்டம் என்று அர்த்தம். ரோடு போடுகிறவர்களும் வாய்க்கால் வெட்டுகிறவர்களும் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. சென்னப்பட்டணத்தில் மௌண்ட் ரோட்டில் உட்கார்ந்தபடியே பாதி ராஜதானியை மட்டமாக வைத்திருந்தவன் நான். ஆனால் மைசூர் வேறு ராஜ்யம். வேறு ராஜா, வேறு பாஷை, வேறு குளிர்.

அது பிளேக் காலம். பவுரிங்பேட்டையில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு டாக்டர் என் அக்குளில் கைவிட்டுக் கட்டி இருக்கிறதா என்று தேடினார். அங்கே ஒன்றும் கிடைக்காத கோபத்தில் என் புளியோதரைப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, தூரப் போடும்படி பியூனிடம் கொடுத்தார். பியூன் தூரப் போகத்தான் செய்தான். வேப்பமரத்தடியில் நின்று நிதானமாகச் சாப்பிட்டான். வெளி இடத்தில் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். என் ஆசாரம் அந்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டது.

அடுத்த சோதனை தங்கவயல் ஸ்டேஷனில். என் பெட்டியைத் திறந்த காவல்காரன் ஒரு சின்னச் சீசாவைத் தூக்கி வெயிலில் பிடித்தான். உள்ளே பாதரசம். அழுத்தமானியைப் பழுது பார்க்க எப்போதும் கொஞ்சம் வைத்திருப்பேன். அந்த ஊரில் அது கன்னக்கோலுக்குச் சமானம் என்று எனக்குத் தெரியாது. திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கல்லைப் பொடித்து அதில் பாதரசத்தை ஊற்றினால் தங்கமெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம்.

"பட்டணத்திலருந்தே சாமானோட வந்துட்டியா?" என்று காவல்காரன் மரியாதையாகவே கேட்டான். அப்படித் துணிந்த திருடனை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருந்தது.

ஒரு கொட்டகையில் என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. அவை என்ன குற்றம் செய்தன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் தொப்பி வைத்த ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, காவல்காரனிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லி என்னை மீட்டார். எங்கள் கடைக்குத் தந்தி கொடுத்த சுரங்கத்தின் சர்வேயர் அவர். பெயர் பெரேரா, பெரம்பூர்ச் சட்டைக்காரர், பாதி வெள்ளைக்காரர். தமிழ் என்னைவிட வேகமாகப் பேசினார்.

"முதல் நாளே ஜெயிலா மேன்? எங்க மைன் கேப்டனுக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவான். லெவல் திருட்டு லெவல்னு அவன் ஏற்கெனவே சொல்றான். இப்ப லெவல்காரனும் திருடன்னு சொல்வான்," என்றார்.

எந்தச் சுரங்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. நந்திதுர்க்குக்கும் மைசூர் மைன்ஸுக்கும் போகிற பாதையில் பார்த்தால் எல்லாச் சுரங்கமும் ஒரே மாதிரிதான். உயரமான கோபுரம், அதன் உச்சியில் சுழலும் சக்கரம், பக்கத்தில் மாவு போல வெளுத்த மண்மலை. கல்லை இடிக்கும் உலக்கைகள் ஓயாமல் இடித்துக்கொண்டே இருந்தன. எங்கள் ஊரில் கடல் இரைகிற மாதிரி இங்கே இந்தச் சத்தம். கடலாவது நடுவில் மூச்சு விடும்.

பெரேரா என்னை ஆண்டர்சன்பேட்டைக்கு ஜட்காவில் அனுப்பினார். பாதி மேட்டில் குதிரை நின்றுவிட்டது. அடித்தும் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான் ஜட்காக்காரன். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாங்க, அந்தப் பொட்டியில இன்னா கீது? குதுர பயப்படுது," என்றான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பாரம் குறைந்த குதிரை பின்னால் குஷியாக வந்தது. பேசிய கூலியை முழுசாக வாங்கிக்கொண்டான்.

தங்கிய இடம் எஸ்தரம்மாவின் சாப்பாட்டுக் கடை. முன்புறம் கடை, பின்புறம் வீடு, பக்கத்தில் வந்து போகிறவர்கள் படுக்க ஓர் அறை. அந்த அம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வடாற்காடு ஜில்லாவிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். மார்கழிக் குளிரில் பல் கிட்டிப்போய் நான் வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் பந்து போலக் கறுப்பாக ஒரு கேழ்வரகுக் களி உருண்டை. அதன் மேல் ஆவி பறக்கும் குழம்பு.

"மொச்சப் பிதுக்கம்பருப்புக் கொழம்புண்ணா. கறி போடல, பயப்படாதீங்க. களிய மெல்லாதீங்க, அப்டியே முழுங்கணும்," என்றாள்.

நான் மென்றேன். களி என் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டது. அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். மாணிக்கம் என்று பெயர். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். சுரங்கத்தில் மரமுட்டு வைக்கிற கும்பலுக்கு மேஸ்திரி. கல்லை வெட்டிய இடத்தில் மேற்கூரை விழாதபடி கட்டைகளை நிறுத்துவது அவர்கள் வேலை. நான் யார் என்று எஸ்தர் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. அந்தப் பித்தளையத் தூக்கிக் கெணத்துல போடறதுக்குத்தான வந்தீங்க? நம்ம லெவல்ல கூர எறங்குதுன்னு சொல்லுதாம். நான் முட்டுக் குடுத்த எடம் எறங்குமா? பத்து ஆன வந்து மேல நின்னாலும் எறங்காது."

"எந்த லெவல்?" என்றேன், களியை ஒருவழியாக விழுங்கிவிட்டு. குழப்பம் எனக்குத்தான். அங்கே கிணறு மாதிரி நேராக இறங்குவது ஷாஃப்ட். அதிலிருந்து பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போகும் பாதைக்கும் லெவல் என்றுதான் பெயர். என் லெவல் அவருடைய லெவலைப் பற்றிக் கோள் சொல்கிறது. இரண்டில் எது கோணல் என்பதுதான் வழக்கு.

"இவரு பேச்ச வுடுங்கண்ணா," என்றாள் எஸ்தர். "எங்க ஊட்டுக் கூர ஒழுவறதுக்கே இன்னும் முட்டுக் குடுக்கல."

மறுநாள் சுரங்க ஆபீஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் சோதனை வைத்தேன். கேப்டனும் வந்திருந்தார். கப்பல் இல்லாத ஊரில் கேப்டன் எதற்கு என்று கேட்காதீர்கள். பூமிக்கடியில் வேலையை நடத்தும் வெள்ளைக்காரருக்கு அங்கே அதுதான் பட்டம். செம்பட்டை மீசை இரண்டு தோளையும் தொடப் பார்க்கும்.

சோதனை சுலபமானது. தூரத்துக்கு ஒன்றாக இரண்டு முளை அடித்து, சரியாக நடுவில் லெவலை நிறுத்தி, ஒன்றைவிட மற்றது எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். பிறகு லெவலை ஒரு முளைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு தடவையும் ஒரே விடை வந்தால் லெவல் யோக்கியம். விடை மாறினால் லெவல் கெட்டது. முதலாளி வீட்டில் பாயசம்.

விடை மாறவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன். அந்தப் பழைய லெவல் அரிச்சந்திரன் மாதிரி நின்றது. நியாயமாகப் பார்த்தால் நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வருத்தமாக இருந்தது.

கேப்டன் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்து, குறுக்கே தெரிந்த மெல்லிய கோடு என்ன என்று கேட்டார். சிலந்தி நூல் என்றேன். அதைவிட மெல்லியது உலகத்தில் கிடையாது. எல்லா லெவலிலும் அதுதான். அவர் நிமிர்ந்து பெரேராவைப் பார்த்து, "ஒரு சிலந்தி சொல்லியா நான் வேலையை நிறுத்த வேண்டும்?" என்றார். இங்கிலீஷில்தான் சொன்னார். அதில் இருந்த இரண்டொரு வார்த்தைகளைத் தமிழில் எழுத என் பேனா கூசுகிறது.

அவர் போனபின் பெரேரா விஷயத்தைச் சொன்னார். ஒரு லெவலின் கூரையில் வரிசையாகப் பித்தளைக் குமிழ்களை அறைந்து, ஷாஃப்ட் அருகே இருந்த ஓர் அசையாத குறியிலிருந்து அவற்றின் உயரத்தை அவ்வப்போது அளந்து வந்திருக்கிறார். உள்ளே போகப் போக, ஒவ்வொரு தடவையும், நெல்மணி கனத்துக்குக் குமிழ்கள் இறங்கியிருந்தன. அங்கே சுற்றிலும் தங்கக்கல்லை வெட்டியாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு பெரிய பாறைத்துண்டு மிச்சம். மேலே இருக்கும் மலையை அதுதான் தாங்குகிறது என்கிறார் பெரேரா. அந்தத் துண்டு முழுக்கத் தங்கம், பொங்கலுக்குள் வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார் கேப்டன். அடுத்த லெவலையும் அதற்கு நேர் கீழேயே வெட்ட வரைபடம் தயார்.

"இன்ஸ்ட்ருமெண்ட் கெட்டுப்போச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா எல்லாருக்கும் நிம்மதி, மேன்," என்றார் பெரேரா. "எனக்குத்தான் தூக்கம் வராது."

அடுத்த நாள் காலையில் எஸ்தர் எனக்குக் காப்பித்தண்ணி என்ற பெயரில் ஏதோ கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அண்ணா, அந்தப் பித்தள இன்னா சொல்லுது?"

"இன்னும் கீழே போய்ப் பார்க்கணும்மா."

"பாத்துட்டு நெசத்த சொல்லுங்க. இவரு எதுவும் சொல்ல மாட்டாரு. சொன்னா அவரு முட்டுக்குக் கௌரவக் கொறச்சலு. கேப்டனும் இவரும் அதுல ஒண்ணு."

அன்றைக்குக் கேஜில் இறங்கினேன். கேஜ் என்பது ஷாஃப்டுக்குள் கம்பிவடத்தில் தொங்கும் ஒரு கூண்டு. எங்கள் ஊர்க் கிணற்றில் வாளி எப்படி இறங்குகிறதோ அப்படித்தான், வாளிக்குள் நான். என் தொப்பியில் களிமண்ணை அப்பி அதில் ஒரு மெழுகுவத்தியைச் சொருகியிருந்தார்கள். மணி அடித்தது. தரை என்னை விட்டுவிட்டுப் போயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் வெற்றிலை மென்றபடி யார் வீட்டுக் கல்யாணத்திலோ சாம்பார் சரியில்லை என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

கீழே புழுக்கம். மார்கழி அங்கே வரவே இல்லை. லெவலுக்குள் நடக்க நடக்க இரண்டு பக்கமும் மாணிக்கத்தின் கட்டைகள் காட்டு மரங்களைப் போல நெருங்கி நின்றன. நல்ல வேலைதான். ஆனால் சில கட்டைகள் நடுவில் பிதுங்கி, நார் நாராகப் பிளந்திருந்தன. எங்கிருந்தோ முறுக்குக் கடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது.

"என்ன அது?" என்றேன்.

"மலைன்னா மொனவத்தான் செய்யும்," என்றார் மாணிக்கம். "நமக்கு மட்டும் முதுகு வலிக்கலியா?"

பெரேரா பழைய லெவலில் அளந்தார். பிறகு நான் பெட்டியைத் திறந்து புது லெவலை நிறுத்தி அளந்தேன். இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்லின. கூரை போன தடவையைவிட இன்னும் இறங்கியிருந்தது. முன்பு இறங்கியதைவிட வேகமாக. கேப்டனிடம் இரண்டையும் காட்டினோம். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "இரண்டும் ஒரே கடைச் சரக்குதானே," என்றார்.

முதலாளிக்காக ஒரு பொய்யைச் சொல்லத் தயாராக வந்தவன் நான். அதைப் பற்றி எனக்குப் பெரிய மனஉளைச்சல் எதுவும் இருந்ததில்லை. ஆனால் என் கையால் பூட்டிய பித்தளையைப் பொய்யன் என்று ஒருவர் நேருக்கு நேர் சொன்னதும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பட்டணத்தில் ஒரு பழைய கட்டடச் சுவர் வெடித்தபோது இஞ்சினியர்கள் செய்ததைப் பார்த்திருக்கிறேன். வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித்துண்டை ஒட்டிவிடுவார்கள். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரிழை அசைந்தாலும் உடைந்துவிடும். கண்ணாடிக்குக் கடையும் இல்லை, சிலந்தியும் இல்லை. கேப்டனிடம் அப்படியே சொன்னேன். என் இங்கிலீஷுக்கு அன்று எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது. அவர் சிரித்துவிட்டு, "ஒட்டு," என்றார்.

ஒட்டும் பசைக்கு, எலும்பு முறிந்தவர்களுக்குப் பூசும் மாவைச் சுரங்க ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்தோம். அங்கே மூட்டை மூட்டையாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு உற்சாகம் வரவில்லை. கண்ணாடிக்குத்தான் பஞ்சம். பெரேராவுக்குப் போட்டோ பிடிக்கும் பைத்தியம் உண்டு. தன் பழைய போட்டோத் தகடுகளை வைரக்கத்தியால் நீளநீளமாக அறுத்துக் கொடுத்தார். பெரிய பாறைத்துண்டின் தோளில் ஒரு வெடிப்பு ஓடியது. அதன் குறுக்கே ஒன்றை ஒட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கண்ணாடி இரண்டு துண்டு. கேப்டன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கட்டை தூக்குகிறவன் எவனோ இடித்திருக்கிறான்," என்றார். பெரேரா அதைத் தமிழில் சொன்னதும் மாணிக்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது.

"எங்க ஆளு யாரும் அந்தப் பக்கமே போவல துரை. நானே சொல்லி வெச்சிருந்தேன்." அதுவரை கேப்டன் பக்கம் நின்றவர், அந்த ஒரு சொல்லில் எங்கள் பக்கம் வந்துவிட்டார். மலை அசைகிறது என்று ஒப்புக்கொண்டதாக நினைக்காதீர்கள். கண்ணாடியைத் தன் ஆள் உடைக்கவில்லை என்று நிரூபித்தால் போதும் அவருக்கு.

"சரி. நானே ஒட்டுகிறேன்," என்றார் கேப்டன். "எல்லோரும் தள்ளிப் போங்கள்."

கோட்டைக் கழற்றி மாவைக் குழைத்து அவரே ஒட்டினார். மாவு காயும்வரை சுருட்டுப் பிடித்தார். காய்ந்ததும் மெழுகுவத்தியை அதன் அருகே கொண்டுபோனார். அப்போதுதான் கவனித்தோம். பெரேரா அவசரத்தில் எடுத்துக்கொடுத்தது கிறிஸ்துமஸ் விருந்தில் எடுத்த போட்டோவின் துண்டு. போட்டோத் தகட்டில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியுமல்லவா. கறுத்த முகமும் வெளுத்த மீசையுமாக அதிலிருந்து கேப்டனே எங்களைப் பார்த்தார்.

பெரேரா மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். கேப்டன் கையைக் காட்டி நிறுத்தினார். தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைகள் முனகின. தொப்பி மெழுகு என் காதில் சொட்டியது. நான் துடைக்கவில்லை.

டிக் என்று ஒரு சத்தம். பெரிய சத்தமே இல்லை. கண்ணாடியிலிருந்த கேப்டனின் மீசையில் தொடங்கி நெற்றிவரை ஒரு கோடு ஓடியது.

யாரும் இடிக்கவில்லை. யாரும் தொடவில்லை. கேப்டன் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். பெரேராவிடம் தாழ்ந்த குரலில், "எல்லோரையும் மேலே அனுப்பு. ஓட வேண்டாம். நடக்கட்டும். ஆனால் இப்போதே," என்றார்.

கும்பல் கும்பலாக ஷாஃப்டை நோக்கி நடந்தோம். நான் மட்டும் நடப்பது மாதிரி ஓடினேன். பாதி வழியில் மாணிக்கம் நின்றுவிட்டார். "ரம்பத்த வுட்டுட்டு வந்துட்டானுங்க. புது ரம்பம்," என்று இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. கேஜ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

கடைக்குத் திரும்பியதும் எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். "எல்லாரையும் மேலே வரச் சொல்லிட்டாங்கம்மா," என்றேன். அவள் பெருமூச்சு விட்டு எனக்குத் தட்டு வைத்தாள். ரம்பத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

முதல் கவளத்தை எடுத்திருப்பேன். பூமி கீழேயிருந்து ஓர் உதை விட்டது. தட்டு என் மடியில் குதித்தது. அலமாரியிலிருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒவ்வொன்றாகத் தாமே இறங்கி உடைந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. இடி போல, ஆனால் காலுக்குக் கீழே. பஜார் முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. ஒருவரும் கத்தவில்லை. "ஏர் பிளாஸ்ட்," என்று யாரோ சொன்னார்கள். மழை என்று சொல்கிற மாதிரி. மலையின் பாரம் தாங்காமல் கீழே பாறை வெடிப்பதற்கு அங்கே அதுதான் பெயர்.

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் மேல வந்துட்டாங்கன்னு சொன்னீங்களே."

"வரச் சொல்லிட்டாங்கன்னுதான்..." என்றேன்.

கையில் கரண்டியோடு அப்படியே நடந்தாள். நான் மடியில் குழம்போடு பின்னால் போனேன். ஷாஃப்டுக்கு முன்னால் பெண்கள் கூட்டம் ஏற்கெனவே நின்றது. வழியில் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அதில் மண் இன்னும் சிவப்பாக இருந்த குழிகளைப் பார்க்காமல் நடக்க முயன்றேன். இந்தப் பயணத்தில் எனக்குக் கேலி செய்ய ஒன்றும் தோன்றாத இடம் அது.

கேஜ் இரண்டு தடவை வந்தது. இரண்டிலும் வேறு ஆட்கள். கேப்டன் சக்கரத்துக்குக் கீழே தொப்பியில்லாமல் நின்றார். மூன்றாவது தடவை மணி அடித்தபோது எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெள்ளை மாவில் புரட்டி எடுத்த மாதிரி மூன்று உருவங்கள் இறங்கின. நடுவில் இருந்தது நெட்டை உருவம். வெடித்தபோது ஷாஃப்ட் வாசல்வரை வந்துவிட்டிருந்தார்களாம். உள்ளேயிருந்து வந்த காற்று அவர்களைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கிறது. மாணிக்கத்தின் இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

"எஸ்தரு, ரம்பம் போச்சி," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். தன் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

அவள் முந்தானையால் அவர் காதைத் துடைத்தாள். அதற்குப் பிறகு திட்ட ஆரம்பித்தாள். அவருடைய ரம்பம், அவருடைய முட்டு, அவருடைய அப்பன், அவர் பிறந்த ஊர் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே நடந்தார். அவருக்குக் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் இன்னும் கொஞ்சம் திட்டினாள்.

அன்று சாயங்காலம் கேப்டன் எங்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேஜையில் வரைபடம் விரிந்திருந்தது. லெவலின் உள்பகுதி மூடிப்போய்விட்டது. அந்தப் பெரிய பாறைத்துண்டு தோளில் அடிபட்டாலும் நின்றுகொண்டிருந்தது. அது இருந்ததால்தான் ஷாஃப்ட் பிழைத்தது என்றார் பெரேரா. கேப்டன் மறுப்புச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ரப்பரை எடுத்து, புது லெவலுக்குப் போட்டிருந்த கோட்டைத் தம் கையாலேயே அழித்தார். அழித்த இடத்திலிருந்து தள்ளி, வளைத்து, பெரேரா வேறு கோடு போட்டார். பாறைத்துண்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அதைத் தொடக்கூடாது. மரமுட்டு நின்ற இடங்களில் இனி கருங்கல்லை அடுக்கித் தூண் கட்ட வேண்டும்.

"பங்குக்காரர்களுக்கு என்ன எழுதுவீர்கள்?" என்று பெரேரா கேட்டார்.

"தங்கம் பத்திரமாக இருக்கிறது என்று எழுதுவேன்," என்றார் கேப்டன்.

பிறகு என்னிடம் திரும்பி, பழைய லெவலைப் பெரேராவே வைத்துக்கொள்ளட்டும், புதியதையும் விட்டுவிட்டுப் போ, இனி இரண்டு பேர் தனித்தனியாக அளக்கட்டும் என்றார். முதலாளி ஆசைப்பட்டது நடந்தது. அவர் சொன்ன காரணத்தைத்தான் நான் எங்கோ தவறவிட்டுவிட்டேன்.

புதுக் குமிழ்களை அறைந்து முதல் அளவு எடுக்கும்வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இருந்தேன். களியை விழுங்கக் கற்றுக்கொண்டேன். கொஞ்ச நாளில் மாணிக்கத்துக்கு வலது காது திரும்பி வந்தது. இடது காது வரவில்லை. எஸ்தர் எவ்வளவு சொல்லியும் வேலைக்கு இறங்கிவிட்டார்.

கிளம்புவதற்கு முன் கடைசியாகக் கீழே போனபோது அந்தப் பாறைத்துண்டுக்குப் பக்கத்தில் கருங்கல் தூண் இடுப்பு உயரம் எழும்பியிருந்தது. சாப்பாட்டு நேரம். மாணிக்கம் அந்தப் பாறையில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் தோளுக்கு மேலே கல்லில் பொடிப்பொடியாக மஞ்சள் மினுங்கியது. மைசூர் மகாராஜா புதிதாகக் கட்டும் அரண்மனையில்கூட இப்படி ஒரு தூண் இருக்காது. இத்தனை தங்கத்தையும் இங்கேயே விட்டுவைத்திருக்கிறார்கள், இந்த மனிதர் களி தின்பதற்காக என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டி, "தங்கம்," என்றேன்.

நான் உட்கார்ந்தது அவருடைய இடது பக்கம்.

"தண்ணியா? இந்தாங்கண்ணா," என்று சொம்பை நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன்.